கைவைத்துப் பார்க்கும் நுண்ணுயிரியல்: பொதுமக்களுக்கான செய்முறை மேசை அமைக்க முழுமையான வழிகாட்டி

பொதுமக்கள் கூடும் இடத்தில் நுண்ணுயிரியல் மேசை போடுகிறவர்களுக்கு முதல் எதிரி நேரம்தான். அகார் தட்டில் (நுண்ணுயிர் வளர ஊட்டக் கூழ் ஊற்றி இறுகவைத்த, மூடியுள்ள தட்டு) விரலை ஒற்றியவருக்கு விடை தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். அவரோ உங்கள் மேசை முன் ஐந்து நிமிடம் நின்றாலே அதிகம். புதிதாகச் செய்பவர்கள் தடுமாறும் இடங்களில் பெரும்பாலானவை இந்த இடைவெளியை முன்பே கணக்கில் எடுக்காததால் வருபவை. அதனால் இங்கே செய்முறைகளைவிட அவற்றின் வரிசைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. முதலில் ஒரு கேள்வி, அப்புறம்தான் கருவிகள்

கையில் நுண்ணோக்கி இருக்கிறது, தட்டுகள் இருக்கின்றன, எல்லாவற்றையும் பரப்பிவைப்போம் என்று தொடங்கினால் வருபவர் வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார். “சோப்புப் போட்டுக் கழுவினால் கையில் என்ன மிஞ்சும்?”, “கண்ணுக்குத் தெரியாத ஒன்று உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?” போன்ற ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேள்விக்கு உதவாத செய்முறை எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்ய வேண்டும். அழுக்குக் கைபேசியிலிருந்து எடுத்த தட்டை மட்டும் காட்டினால் மக்கள் அருவருப்போடு வீடு திரும்புவார்கள். அது எளிதில் கூட்டம் சேர்க்கும், ஆனால் நுண்ணுயிர் என்றாலே நோய் என்ற எண்ணத்தைத்தான் உறுதிப்படுத்தும். தீங்கு செய்யாத, வேலை செய்கிற நுண்ணுயிர் ஒன்றாவது மேசையில் இருக்கட்டும். ஈஸ்ட் அதற்குப் போதும்.

2. நாள்காட்டியைப் பின்னாலிருந்து நிரப்புங்கள்

நிகழ்ச்சி நாளை எழுதிவிட்டு அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

வினோகிராட்ஸ்கி தூண் வைப்பதாக இருந்தால் ஆறு முதல் எட்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும். குளத்துச் சேறு, கிழித்த காகிதம், முட்டையின் மஞ்சள் கரு (கந்தகத்துக்காக), குளத்து நீர் ஆகியவற்றை ஒளி ஊடுருவும் உயரமான குடுவையில் நிரப்பி வெளிச்சத்தில் வைப்பது இது. பச்சை, ஊதா, கறுப்பு அடுக்குகள் பிரிந்து வரும் வேகம் சேற்றைப் பொறுத்தது. ஒரு தூணை நம்பாமல் மூன்று வையுங்கள்.

வைக்கோல் ஊறல் நீரில் பாரமீசியம் போன்ற ஒருசெல் உயிரிகள் பெருக ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். அகார் தட்டுகளை ஒரு வாரம் முன்பு ஊற்றுங்கள். ஒற்றி வளர்த்த காட்சித் தட்டுகள் நான்கு நாள் முன்பு, குளத்து நீர் முந்தைய மாலை, ஈஸ்ட் அன்று காலை.

குளத்து நீரை ஒரு வாரம் முன்பே எடுத்து மூடி போட்டு வைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாதி உயிர்கள் இறந்துவிடும். பாட்டிலைப் பாதி மட்டும் நிரப்பி, மூடியைத் தளர்த்தி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். நீர் குறைந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்ற வேண்டாம். அதில் குளோரின் இருக்கலாம். அதே குளத்து நீரைக் கூடுதலாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. பாதுகாப்பு: எதை மேசைக்குக் கொண்டுவரக் கூடாது

இடத்தின் பொறுப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். என்ன செய்யப்போகிறீர்கள், எதை வளர்க்கப்போகிறீர்கள், கழிவை என்ன செய்வீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். அந்தப் பக்கத்தை எழுதும்போதே உங்கள் திட்டத்தில் உள்ள ஓட்டைகள் தெரிந்துவிடும்.

மாதிரி எடுக்கும் இடங்களைக் கட்டுப்படுத்துங்கள். விரல் நுனி, கதவுக் கைப்பிடி, கைபேசி, விசைப்பலகை சரி. மூக்கு, வாய், காயம், கழிப்பறை, விலங்குக் கூண்டு கூடாது. காரணம் எளிது: தட்டு ஒரு பெருக்கி. ஒற்றும்போது பொருட்படுத்தத் தேவையில்லாத அளவில் இருப்பது இரண்டு நாளில் கோடிக்கணக்கில் ஆகிவிடும். நோய் தரக்கூடியது கலந்திருக்க வாய்ப்புள்ள இடத்திலிருந்து எடுக்காமல் இருப்பதே முதல் காப்பு.

இரண்டாவது காப்பு வெப்பநிலை. ஆய்வகத்தில் பழகியவர்கள் 37 டிகிரி செல்சியஸில் வைக்க நினைப்பார்கள். அது மனித உடலில் வாழப் பழகிய நுண்ணுயிர்களுக்கு உகந்த வெப்பம். பொதுமக்கள் தொட்ட தட்டுகளை 25 டிகிரியை ஒட்டி வளருங்கள். ஒரு நாள் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

மரபணு மாற்றி ஒளிரவைத்த பாக்டீரியாவைக் கொண்டுவர ஆசை வரும். பல நாடுகளில் அதற்குத் தனி விதிகள் உண்டு. முதல் நிகழ்ச்சியில் அந்தத் தொல்லையே வேண்டாம்.

மேசையில் யாரும் எதையும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் மூடிய பிறகே தொடலாம். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் தட்டு மேசையைத் தவிர்க்கும்படி நுழைவிலேயே ஒரு வரி எழுதி வையுங்கள்.

4. தட்டுகளைத் தயார் செய்தல்

ஊட்ட அகார் தூளைப் பொட்டலத்தில் உள்ள அளவுப்படி கலக்குங்கள். ஒரு லிட்டரில் 90 மி.மீ. விட்டமுள்ள தட்டுகள் ஐம்பது வரை வரும், தட்டுக்கு 20 மி.லி. கணக்கில். ஆட்டோகிளேவில் (அழுத்தத்தில் அடைத்த நீராவியால் நுண்ணுயிர்களைக் கொல்லும் கலன்) 121 டிகிரியில் 15 நிமிடம் வைத்து எடுத்து, 50 டிகிரி அளவுக்கு ஆறவிட்டு ஊற்றுங்கள். மிகச் சூடாக ஊற்றினால் மூடியின் உட்புறம் முழுக்க நீர்த்துளி கோக்கும். மிகவும் ஆறவிட்டால் 40 டிகிரியை நெருங்கும்போதே கட்டி தட்டத் தொடங்கும்.

இறுகிய தட்டுகளைக் கவிழ்த்துப் பையிலிட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். நிகழ்ச்சிக்கு முன் வெளியே எடுத்து அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். ஈரம் நிற்கும் தட்டில் ஒற்றினால் தனித்தனிப் புள்ளிகளாக வர வேண்டிய நுண்ணுயிர்க் கூட்டங்கள் வழிந்து ஒன்றோடொன்று கலந்துவிடும். பார்வையாளருக்கு எதையும் எண்ண முடியாது.

பெயரையோ எண்ணையோ மூடியில் எழுதாதீர்கள். மூடி சுற்றும், மாறும். அடித்தட்டின் வெளி ஓரத்தில் எழுதுங்கள்.

ஒற்றி முடித்ததும் மூடியை எதிரெதிராக இரண்டு சிறு ஒட்டுநாடாத் துண்டுகளால் மட்டும் ஒட்டுங்கள். பாதுகாப்பு என்று நினைத்துச் சுற்றிலும் ஒட்டிவிடுகிறவர்கள் உண்டு. காற்று புகாமல் போனால் ஆக்சிஜன் இல்லாச் சூழலில் வளரும் வகைகளுக்கு நாமே இடம் கொடுத்ததாகும். வளர்ந்த பிறகுதான் சுற்றிலும் ஒட்ட வேண்டும். அதற்குப்பின் யார் கேட்டாலும் அதைத் திறக்கக் கூடாது.

எதையும் தொடாத தட்டு ஒன்றும் அதே நாளில், அதே இடத்தில் வளர வேண்டும். அது வெறுமையாக இருந்தால்தான் மற்ற தட்டுகளில் தெரிவது விரலிலிருந்து வந்தது என்று சொல்ல முடியும். பார்வையாளர்களில் கூர்மையான ஒருவர் இதைக் கட்டாயம் கேட்பார்.

கை கழுவும் முன்னும் பின்னும் விரலை ஒற்றி ஒப்பிடும் தட்டில் ஒரு சங்கடம் காத்திருக்கிறது. கழுவாத விரலைவிடக் கழுவிய விரலில் கூடுதல் கூட்டங்கள் வளர்வது உண்டு. கழுவும்போது தோலின் மடிப்புகளில் நிலையாக வாழ்பவை தளர்ந்து மேலே வருகின்றன. ஈரக் கை உலர்ந்த கையைவிட எளிதாக ஒட்டவும் வைக்கிறது. இந்தத் தட்டை மறைத்துவிட்டு ‘சரியான’ தட்டை மட்டும் வைக்காதீர்கள். வெளியிலிருந்து தற்காலிகமாக ஒட்டிய நுண்ணுயிர்களை நீக்குவதற்கே கழுவுகிறோம், தோலின் சொந்தக் குடிகளை ஒழிக்க அல்ல என்று சொல்ல இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. ஆனால் இந்த விளக்கம் தன்னார்வலர் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் “அப்போ கழுவவே வேண்டாமா?” என்ற கேள்விக்கு முன் திகைத்து நிற்பார்கள்.

5. நுண்ணோக்கி மேசை

இங்கேதான் கூட்டம் தேங்கும், எனவே ஒரே நுண்ணோக்கியை நம்பாதீர்கள். ஒன்றைக் கேமராவோடு திரையில் இணைத்துவிட்டால் வரிசையில் நிற்பவர்களும் பார்ப்பார்கள். அப்படியும், கண்ணை வைத்துத் தானே பார்க்கும் நுண்ணோக்கி ஒன்றை விட்டுவைக்க வேண்டும். திரையில் பார்ப்பதை மக்கள் காணொளி என்றே நினைத்துக்கொள்வார்கள்.

குறைந்த உருப்பெருக்கத்தில் தொடங்குங்கள். 40 மடங்கு, 100 மடங்கிலேயே குளத்து நீர் கலகலப்பாக இருக்கும். பாரமீசியம் வேகமாக ஓடிவிடுகிறது என்றால் பிரித்த பஞ்சின் சில இழைகளைத் துளியில் போட்டு மேலே மூடுகண்ணாடியை வையுங்கள். இழைகளுக்கிடையே சிக்கி மெதுவாகச் சுற்றும். நீரைக் கெட்டியாக்கி ஓட்டத்தைத் தணிக்கும் மெத்தில் செல்லுலோஸ் கரைசல் கிடைத்தால் இன்னும் நல்லது.

விளக்குச் சூட்டில் துளி உலரும். கால் மணிக்கொரு முறை மூடுகண்ணாடியின் ஓரத்தில் ஒரு சொட்டு நீர் விடுங்கள், அல்லது வில்லையையே (துளி வைத்திருக்கும் கண்ணாடித் தகட்டை) மாற்றுங்கள். ஓட்டம் நின்றுபோன துளியைக் காட்டி “கொஞ்ச நேரம் முன்னாடி நல்லா ஓடிட்டிருந்துச்சு” என்று சொல்வதைப்போல மேசையின் மதிப்பைக் குறைப்பது வேறில்லை.

பார்வையாளர் எதைப் பார்க்கிறார் என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். தன் கண்ணிமை மயிரைப் புழு என்பவர்களும், கறுத்த விளிம்புள்ள காற்றுக்குமிழைச் செல் என்பவர்களும் நிறைய. “தெரியுதா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். “என்ன நிறத்துல இருக்கு? எந்தப் பக்கம் போகுது?” என்று கேளுங்கள், அல்லது ஒரு காகிதத்தைக் கொடுத்து வரையச் சொல்லுங்கள். பொருளைக் குவியத்துக்குக் கொண்டுவரும் பெரிய திருகைத் தொட வேண்டாம், சிறிய திருகை மட்டும் திருப்பலாம் என்று ஒட்டி வையுங்கள்; பெரியதைத் திருப்பினால் லென்ஸ் வில்லையில் இடித்து உடைக்கும்.

6. ஈஸ்ட்: காத்திருக்காமல் கிடைக்கும் விடை

நேரச் சிக்கலுக்கு என் கையில் உள்ள சிறந்த மருந்து இது. மாதிரியைக் கலந்து ஐந்து நிமிடத்துக்குள் ‘உயிருள்ளது எது?’ என்ற கேள்விக்குப் பார்வையாளர் தானே விடை காண்கிறார்.

உலர் ஈஸ்டை வெதுவெதுப்பான சர்க்கரை நீரில் கலந்து இரண்டு குழாய்களாகப் பிரியுங்கள். ஒன்றைக் கொதிநீரில் பத்து நிமிடம் வைத்து ஆறவிடுங்கள். எது எது என்று சொல்லாமல் ‘அ’, ‘ஆ’ என்று மட்டும் எழுதுங்கள். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

பார்வையாளர் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து, 0.01 சதவீத மெத்திலீன் நீலக் கரைசல் ஒரு சொட்டோடு வில்லையில் கலக்கிறார். ஓரிரு நிமிடம் கழித்து 400 மடங்கில் பார்த்தால், கொதித்த குழாயின் செல்கள் நீலமாகவும் மற்றதில் பெரும்பாலானவை நிறமற்றும் இருக்கும். உயிருள்ள செல் உள்ளே வரும் சாயத்தை வேதிமாற்றம் செய்து நிறமிழக்கச் செய்கிறது. இறந்த செல்லால் அது முடியாது. ஈஸ்ட் செல் 5 முதல் 10 மைக்ரோமீட்டர் வரை இருப்பதால் இந்த உருப்பெருக்கத்தில் தெளிவாகத் தெரியும். பாக்டீரியாவோடு முயன்றால் இந்த வசதி கிடையாது.

வில்லையைப் பத்து நிமிடத்துக்கு மேல் வைக்காதீர்கள். சாயமே மெல்ல நச்சாகி, உயிருள்ளவையும் நீலமாகத் தொடங்கும். விடை குழம்பிப்போகும். கூட்டம் அதிகம் என்று காலையிலேயே இருபது வில்லைகள் போட்டு வைப்பவர்கள் இந்தப் பள்ளத்தில்தான் விழுகிறார்கள். சாயம் துணியில் பட்டால் போகாது என்பதால் மேலங்கியும் கையுறையும் வேண்டும்.

சிறு குழந்தைகளுக்குப் பலூன் போதும். பாட்டிலில் 100 மி.லி. அளவுக்கு 35 முதல் 40 டிகிரி நீர், ஒரு கரண்டி சர்க்கரை, ஒரு கரண்டி ஈஸ்ட், வாயில் பலூன். எழ அரை மணி வரை ஆகும். எனவே கால் மணி இடைவெளியில் நான்கைந்து பாட்டில்களைத் தொடங்கி நேரத்தை எழுதி வரிசையாக வையுங்கள். எந்த நேரத்தில் வருபவரும் எல்லா நிலைகளையும் பார்ப்பார். சர்க்கரை போடாத பாட்டில் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். பலூனுக்குப் பதில் மூடியை இறுக்கி மூடக் கூடாது. உள்ளே சேரும் கார்பன் டை ஆக்சைடு பாட்டிலை வெடிக்கவைக்கும். லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களைப் பலூனைத் தொடவிடாதீர்கள்.

7. ஒளிரும் களிம்பு

புற ஊதா ஒளியில் மின்னும் களிம்பைக் கையில் பூசி, வழக்கம்போலக் கழுவச் சொல்லி, மறுபடி விளக்கடியில் பார்ப்பது. பெருவிரல், நக ஓரம், விரலிடுக்கு, கடிகாரப் பட்டையின் அடி ஆகியவை மின்னிக்கொண்டிருக்கும்.

விளக்கு 365 முதல் 395 நானோமீட்டர் வரையிலான வகையாக இருக்க வேண்டும். கிருமிநீக்கத்துக்கான 254 நானோமீட்டர் விளக்கு கண்ணையும் தோலையும் புண்ணாக்கும். விலை, வடிவம் பார்த்து வாங்காமல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். அட்டைப்பெட்டியில் கை நுழையும் துளை வெட்டினால் இருட்டறை கிடைத்துவிடும்.

மின்னுவது கிருமி இல்லை என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், கிருமியை நேரில் பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டு போவார்கள். பக்கத்தில் கழுவுமிடம் இல்லையென்றால் இந்த மேசையைப் போடாதீர்கள்.

8. மேசைகளின் வரிசையும் ஆட்களும்

நுழைவில் முன்பே வளர்த்த தட்டுகளை மூடி ஒட்டியபடி, விடை மறைத்து வையுங்கள். அடுத்து நுண்ணோக்கி, பிறகு ஈஸ்ட், கடைசியில் விரல் ஒற்றும் தட்டும் கைகழுவுமிடமும். ஒற்றுவதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு: அதுவரை பார்த்ததை வைத்து, தன் தட்டில் என்ன வரும் என்று ஊகித்து எழுத அப்போதுதான் அவருக்கு முடியும். அகாரைத் தொட்ட கையோடு மற்ற மேசைகளுக்குப் போவதும் தவிர்க்கப்படும்.

ஒரு மேசைக்கு இருவர். ஒருவர் பேச, மற்றவர் வில்லை மாற்ற, துடைக்க. ஒருவரே இரண்டும் செய்தால் பேச்சுதான் முதலில் நின்றுபோகும்.

தன்னார்வலருக்கு உரை எழுதிக் கொடுக்காதீர்கள். தொடக்கக் கேள்வியை மட்டும் கொடுங்கள். “இந்த மூணு தட்டுல கைபேசி எது?” என்பது போதும். பதில் வந்ததும் சரி, தவறு சொல்லாமல் “ஏன் அப்படி நினைக்கிறீங்க?” என்று கேட்க வேண்டும். விஷயம் தெரிந்தவர்களுக்கு இது மிகக் கடினம், வாய் துறுதுறுக்கும். குழந்தையிடம் கேட்ட கேள்விக்குப் பெற்றோர் பதில் சொல்லிவிடுவார்கள் என்பதால் அவர்களுக்கும் தனியாக ஒரு வில்லையைக் கொடுத்துவிடுங்கள்.

9. முழு ஒத்திகை

ஒரு நாள் முன்னதாக, துறைக்குத் தொடர்பில்லாத இரண்டு பேரை வரவழைத்து எல்லா மேசைகளையும் கடக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தின் வெளிச்சம், மின்இணைப்பு, மேசையின் ஆட்டம் எல்லாம் இப்போது தெரியவரும். ஆடும் மேசையில் 400 மடங்கு பயன்படாது.

10. அடிக்கடி வரும் கேள்விகள்

“இது என்ன பாக்டீரியா?” தட்டில் வளர்ந்த கூட்டத்தின் நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் வைத்து இனத்தைச் சொல்ல முடியாது. பூஞ்சை போலிருக்கிறது, பாக்டீரியா போலிருக்கிறது என்ற அளவில் நின்றுகொண்டு, இனம் காண என்னென்ன சோதனை வேண்டும் என்று சொல்லுங்கள்.

“வைரஸைக் காட்டுங்க.” ஒளி நுண்ணோக்கியால் சுமார் 0.2 மைக்ரோமீட்டருக்குக் கீழ் பிரித்துக் காட்ட இயலாது. பெரும்பாலான வைரஸ்கள் அதைவிடச் சிறியவை. முடி, ஈஸ்ட், பாக்டீரியா, வைரஸ் நான்கையும் ஒரே அளவுகோலில் வரைந்த அட்டை இருந்தால் பதில் சொல்வது எளிது.

“நம்ம உடம்புல நம்ம செல்லைவிடப் பத்து மடங்கு பாக்டீரியாவாமே?” பழைய கணக்கு. 2016-இல் வெளியான மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியா, 30 லட்சம் கோடி மனிதச் செல், கிட்டத்தட்டச் சமம்.

11. முடிவைத் திருப்பிக் கொடுத்தல், கழிவு

தட்டை யாரிடமும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். கெஞ்சுவார்கள். எண் எழுதிய சீட்டைக் கொடுத்து, மூன்றாம் நாள் எல்லாத் தட்டுகளின் படங்களும் எண்வாரியாக எங்கே கிடைக்கும் என்று சொல்லுங்கள். பெயர் வாங்கத் தேவையே இல்லை. சீட்டின் மறுபக்கத்தில் அவர் எழுதிய ஊகத்தின் நகல் இருந்தால், படத்தைத் தேடி வருபவர் தன் ஊகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்.

வருபவர்கள் என்ன கற்றார்கள் என்று அறிய நீண்ட படிவம் வேண்டாம், யாரும் நிரப்புவதில்லை. நுழையும்போது ஒரு அட்டையில் ‘நுண்ணுயிர் ஒன்றை வரைக’, வெளியேறும்போது பின்பக்கத்தில் மீண்டும் அதே. பல்லும் கொம்பும் வைத்த உருவம் எத்தனை பேரிடம் மொட்டுவிடும் ஈஸ்டாக மாறியது என்று எண்ணிப் பாருங்கள்.

படம் எடுத்ததும் தட்டுகளை ஆட்டோகிளேவ் பையில் இட்டு 121 டிகிரியில் குறைந்தது 20 நிமிடம் வைத்த பிறகே குப்பையில் சேருங்கள். பையை இறுகக் கட்டினால் நீராவி உள்ளே போகாது. வாயைத் தளர்வாக விடுங்கள். பயன்படுத்திய வில்லைகளும் டிராப்பர்களும் புதிதாகக் கலந்த பத்துக்கு ஒரு பங்கு பிளீச் கரைசலில் அரை மணி ஊறட்டும். பிளீச் பட்ட எதையும் ஆட்டோகிளேவில் வைக்காதீர்கள், நச்சு வாயு வரும். உடைந்த கண்ணாடிக்குக் கெட்டியான தனிப் பெட்டி. குளத்து நீரை எடுத்த குளத்திலேயே ஊற்றலாம், சாயம் படாததாக இருந்தால் மட்டும். மேசைகளைத் துடைத்துவிட்டுக் கையைக் கழுவுவது கடைசி வேலை. அதைப் பார்வையாளர்கள் கிளம்பும் முன்பே அவர்கள் கண்முன் செய்யத் தொடங்கினால் இன்னும் சில கேள்விகள் வரும்.